இரு பாதைகள் கூடும் நிலையம்

வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்த்துவரும் நம்மவர்களில் திருப்பதிக்கு ரயிலேறாதவர் மிகச் சிலரே. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாக ரேணிகுண்டாவுக்குச் சென்ற பாதை முற்காலத்தில் மீட்டர் கேஜ் பாதை. தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். ரேணிகுண்டாவில் அதைச் சந்தித்த சென்னை - பம்பாய்ப் பெரும்பாதையோ 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ளது. ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. ஆகவே சரக்கு மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. பிற்காலத்தில் சித்தூர்ப் பாதையும் அகலப்பாதையாயிற்று. அந்த வேலையும் ஒழிந்தது.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய நிலையம் ஒன்று உண்டு. அதன் வரலாற்றையே இன்று சொல்லப் புகுந்தோம்.

கணிப்பொறியின் நினைவகம் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று கெர்னல் எனப்படும் உள்மையம். யந்திரத்தின் உறுப்புக்களை நேரடியாக ஆள்வது. மற்றொன்று நாம் பயன்படுத்தும் நிரல்கள் குடியிருக்கும் வெளிப்பகுதி. வெளியிலுள்ள நிரல் உள்ளே கை நீட்ட முடியாது. ஒரு நிரல் பழுதுபட்டால் யந்திரம் முழுவதும் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சுவர் எழுப்பப்பட்டது. அதற்குரிய கூலியையும் கொடுத்தாக வேண்டும்: வலைப்பின்னலில் செல்லும் ஒவ்வொரு செய்திப் பொட்டலமும் சுவரைத் தாண்டும்போது ஒருபுறமிருந்து மறுபுறத்துக்கு நகலெடுக்கப்படுகிறது.

1987-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஆனியன்ஸ் என்பவர் யூனிக்ஸ் முறைக்குப் புதுமையான ஒரு வாசலை அமைத்தார். அதற்கு முன்னோடி லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் பில் காக்கிராஃப்ட் எழுதியது என்று அவரே குறித்துவைத்திருக்கிறார். அவ்வாசலின் பெயர் டன். கெர்னலின் கண்ணுக்கு அது கம்பி பூட்டிய ஓர் இடைமுகம் போலவே தோன்றும். ஆனால் கம்பி கிடையாது. அதில் அனுப்பிய பொட்டலத்தை வெளிப்பகுதியிலுள்ள ஒரு நிரல், கோப்பைப் படிப்பதுபோல் படித்துக்கொள்ளும். அந்நிரல் எழுதுவது வெளியூரிலிருந்து வந்த பொட்டலம் போலக் கெர்னலுக்குள் புகும். 1999, 2000 ஆண்டுகளில் மாக்ஸிம் கிராஸ்னியான்ஸ்கி இதை லினக்ஸுக்காக எழுதினார். டன் இணைய நெறிப் பொட்டலங்களையும், அதன் துணையான டேப் ஈதர்நெட் சட்டங்களையும் ஏந்துபவை.

டில்லியில் வீட்டிலிருந்தபடியே திருப்பதி அலுவலகத்தின் உள்வலையில் பணிபுரிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் கடிதம் முதலில் கெர்னலுக்குள் செல்கிறது. டன் வழியாக வெளியே வந்து மறைகுறியாகிறது. மீண்டும் கெர்னலுக்குள் நுழைந்து உண்மையான கம்பியை அடைகிறது. ஒரு முறை தாண்ட வேண்டிய சுவரை மூன்று முறை தாண்டுகிறது! ரேணிகுண்டாவிலாவது மூட்டையை ஒரு முறை மாற்றினால் போதும்.

கடிதப் போக்குவரத்துக்கு இந்தத் தாமதம் பெரிதன்று. ஒரே யந்திரத்துக்குள் பல மெய்ந்நிகர் யந்திரங்களைக் குடியேற்றத் தொடங்கியபோதுதான் இது தாங்கவொண்ணாச் சுமையாயிற்று. 2007-இல் ரஸ்டி ரஸ்ஸல் வகுத்த விர்ட்டியோ முறையில், இரு தரப்பினரும் காணக்கூடிய ஒரு வளையம் பொது நினைவகத்தில் வைக்கப்பட்டது. சரக்கு எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் அவ்வளையத்தில் எழுதப்படும். 2010-இல் மைக்கேல் சிர்கின் இயற்றிய வி-ஹோஸ்ட் நெட் லினக்ஸில் சேர்ந்தது. கெர்னலே அந்த வளையத்தை நேராகப் படிக்கலாயிற்று. இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் லூயிஜி ரிட்ஸோ செய்த நெட்மேப், நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையால், 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே செயலி மையத்தைக் கொண்டு நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் பொட்டலங்களை அனுப்பிக் காட்டியது. அது 2012-இல் வெளியான செய்தி.

ஆனால் பகிர்ந்துகொண்ட இடத்தில் எழுதியிருப்பதையெல்லாம் நம்பலாமா? நெட்மேப் இதில் எச்சரிக்கையாகவே இருந்தது. வெளி நிரல் எழுதிய குறிப்புக்களைக் கெர்னல் சரிபார்த்த பின்னரே ஏற்கும். வி-ஹோஸ்டில் ஓரிடத்தில் அச்சோதனை தவறிவிட்டது. 2019 செப்டம்பரில் அக்குறை வெளியாயிற்று. மெய்ந்நிகர் யந்திரத்தை ஓடும்போதே வேறோர் இயந்திரத்துக்கு இடம் மாற்றும் வேளையில், உள்ளே குடியிருப்பவன் நீளத்தைப் பொய்யாக எழுதிவைத்தால், வீட்டுக்காரனுடைய கெர்னல் நினைவகத்தையே கெடுத்துவிட இயலும் என்று கண்டார்கள். (குடிபெயரும் வேளையில் கணக்குத் தவறுவது நம்மவர்களுக்குப் புதிய அனுபவமன்று.) உடனே திருத்தம் வெளியிடப்பட்டது. ஆயினும், ஒரே கூரையின்கீழ் அறிமுகமில்லாத பல நிறுவனங்களின் யந்திரங்களை வாடகைக்கு வைத்திருப்போருக்கு அது சிறிய செய்தியன்று. எந்தப் பொய்யனைத் தடுக்க அச்சுவர் எழுப்பப்பட்டதோ, அவனுக்கே வேகத்தின் பொருட்டு ஒரு சாளரம் திறந்துவிடப்பட்டிருந்தது.

மறைகுறிச் சுரங்கத்துக்கு மற்றொரு தீர்வும் பிறந்தது. வயர்கார்ட் என்னும் சுரங்க முறையை ஜேசன் டொனன்ஃபெல்ட் கெர்னலுக்குள்ளேயே அமைத்தார். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6-இல் அது இடம்பெற்றது. மறைகுறியாக்கும் வேலை உள்ளேயே நடப்பதால், வெளியே போய்த் திரும்பும் இரண்டு தாண்டல்கள் மிச்சம். எனினும் வயர்கார்டுக்கு வெளிப்பகுதியில் ஓடும் வடிவமும் உண்டு. லினக்ஸில் அவ்வடிவத்தை ஓட்டுவோருக்கு இன்றும் பழைய டன் வாசல்தான்.