லைட் எரியுது, லைன் இல்லை



போன கிழமை பாடசாலைக் கணினி அறையில் இண்டர்நெட் நின்றுபோனது. றவுட்டரைப் பார்த்தோம், பச்சை லைட் ஒழுங்காக எரிகிறது. "லைட் எரியுதே சேர், அப்ப ஏன் லைன் இல்ல?" என்று தரம் 9 பிள்ளை ஒன்று கேட்டது. அந்த நேரம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். ஆனால் அலவத்துகொடையில் இருக்கும் நாங்கள் இந்தக் கேள்வியை அப்படி விட்டுவிட ஏலாது. ஏன் என்று கடைசியில் விளங்கும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டின் முதல் தந்திக் கம்பி 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியது. அதே ஆண்டில் கண்டிக்கும் தந்தி வந்தது. அப்போது பெரிய கப்பல்கள் காலியில்தான் தரிக்கும். வெளிநாட்டுச் செய்தியும் அங்கேதான் முதலில் இறங்கும். கம்பி வருமுன் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை அந்தச் செய்திகளைப் புறாக்களின் காலில் கட்டி எடுப்பித்தது. புறா வராவிட்டால், வழியில் பருந்து பிடித்ததா, காலியில் இன்னும் பறக்கவிடவே இல்லையா என்று அறிய வழியில்லை.

கம்பி வந்ததும் அதற்கொரு வழி பிறந்தது. தந்திக் கந்தோரில் கல்வனோமீற்றர் என்ற சிறு கருவி இருக்கும். சுருளுக்குள் ஒரு காந்த ஊசி. கம்பியில் மின் ஓடினால் ஊசி விலகும், கம்பி அறுந்திருந்தால் அசையாது. அமெரிக்கத் தந்திக்காரர்கள் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். செய்தி இல்லாத நேரத்திலும் கம்பியில் மின்னை ஓடவிடுவார்கள், அறுந்த கணமே தெரிந்துவிடும். பற்றரிச் செலவு கூடத்தான். ஊசியை வைத்து அறுந்த இடத்தையும் பிடித்தார்கள் என்பதுதான் எங்களுக்கு வியப்பு. அறுந்து மண்ணில் விழுந்த கம்பியின் மின் தடையை அளந்தால், எத்தனையாவது மைலில் பிழை என்று கந்தோரில் இருந்தபடியே ஒரு கணக்குக்கு வரலாம். இன்று ஃபைபர் கேபிளில் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து இடம் பிடிப்பதும் அதே புத்திதான்.

கணினிகளை இணைக்க வந்த பழைய தடித்த கேபிள்களில் இந்த வசதி இருக்கவில்லை. ஒரு முனை கழன்றால் அறை முழுக்க நின்றுவிடும், எந்த முனை என்று ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 1990இல் வந்த புதிய தரநிலையில்தான், முறுக்கிய கம்பியின் இரு பக்கமும் சும்மா இருக்கும்போதும் ஏறத்தாழ 16 மில்லி விநாடிக்கு ஒரு சிறு துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும்படி செய்தார்கள். துடிப்பு வந்தால் லைட் எரியும். நின்றால் அணையும். அமெரிக்கத் தந்திக்காரரின் பழைய வழி திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

ஆக, லைட் சொல்வது ஒன்றே ஒன்று: பக்கத்துப் பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் இடையில் கம்பி உயிரோடு இருக்கிறது. அதற்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது. கடைசி இடம் வரை போகிறதா என்று பார்க்கத்தான் 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 'பிங்' என்ற சிறு நிரலை எழுதினார். தூரத்துக் கணினிக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டுப் பதில் ஸலாமுக்குக் காத்திருக்கும் வேலை அது.

பெரிய நிறுவனங்களின் றவுட்டரிடம் கேட்டால் விடை இன்னும் நுணுக்கமாக வரும். கம்பி இருக்கிறதா என்று ஒரு சொல், அதன்மேல் பேச்சு நடக்கிறதா என்று இன்னொரு சொல். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: 'நிர்வாகத்தால் மூடப்பட்டுள்ளது'. எதுவும் பழுதில்லை, பொறுப்பிலுள்ள ஒருவர் வேண்டுமென்றே மூடியிருக்கிறார் என்று அர்த்தம். அறுந்ததையும் மூடியதையும் அந்தப் பெட்டி ஒருபோதும் ஒரே சொல்லால் சொல்லாது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

2018 மார்ச் தொடக்கத்தில் திகன, தெல்தெனியப் பக்கம் கிளம்பிய வன்முறை அக்குறணை வரை வந்தது. 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் தடை. கண்டி மாவட்டத்தில் இண்டர்நெட்டையே மட்டுப்படுத்தினார்கள். வீட்டில் றவுட்டர் லைட் எரிந்துகொண்டே இருந்தது. "எங்க இருக்கீங்க, பத்திரமா?" என்று உம்மாவுக்கு அனுப்பிய மெசேஜின் பக்கத்தில் மணிக்கூட்டு அடையாளம் மட்டும் நின்றது. எங்களில் பலர் றவுட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். பழுது அங்கே இருக்கவில்லை.

கண்டிப்பாகப் பார்த்தால் அது கம்பியை மூடியதல்ல, வழியில் வடிகட்டியது. ஆனாலும் சேரவேண்டிய வகை அந்த மூன்றாவதுதான். வெறுப்புப் பதிவுகளைத் தடுக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். காரணம் பொய்யென்று நாங்கள் சொல்லவில்லை. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனமே 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் தடை வருமுன் கடைகள் எரிந்துவிட்டன. பிந்தி வந்த தடை, எந்தப் பாதையால் கூட்டம் வருகிறது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதையும் சேர்த்தே நிறுத்தியது. பேஸ்புக் 15ஆம் திகதி திரும்பியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் நாடு முழுக்க இதே போன்ற தடை வந்தது.

2025 நவம்பர் கடைசியில் வந்தது வேறு. டித்வா புயலில் மலைகள் சரிந்தன, அலவத்துகொடைப் பக்கமும் தப்பவில்லை. கரண்ட் போனது. டவர்களின் பற்றரி தீர்ந்தது. வீதியோடு சேர்ந்து கேபிளும் போனது. கட்டாரிலும் சவூதியிலும் இருந்த பிள்ளைகளின் போனில் ஊருக்கு அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கில் நின்றது. ஒற்றை டிக் என்றால் அவர்கள் பக்கத்திலிருந்து போய்விட்டது, இங்குள்ள போன் எடுக்கவில்லை. போனில் சார்ஜ் இல்லையா, டவர் இல்லையா, ஆளே இல்லையா என்று அந்த டிக் சொல்லாது. புறாவை எதிர்பார்த்து இருந்தவர்களின் நிலைதான் திரும்பவும். அந்த இரவுகளில் இரண்டாவது டிக்கைக் கண்டு அழுதவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். காணாதவர்களும் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்குப் பொறுமையைக் கொடுப்பானாக.

இப்போது ஊரில் இரண்டையும் 'லைன் இல்லாத நாட்கள்' என்று ஒன்றாகச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்று அறுந்தது, மற்றது மூடியது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இரண்டு சந்தர்ப்பங்களிலும் உங்கள் போனில் கடைசியாகப் போன மெசேஜ் எத்தனை மணிக்கு, பிறகு முதலில் வந்தது எப்போது, அந்நேரம் வீட்டு லைட் பச்சையா, சிவப்பா, அணைந்தா என்று ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். போனை மாற்றப் போகிறவர்கள் மாற்றுமுன் எழுதுங்கள். தரம் 9 பிள்ளைகள் திகதி வாரியாகப் பிரதி எடுத்து வைப்பார்கள். அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையிடம்தான் கொப்பியைக் கொடுத்திருக்கிறோம்.