ஏரிச் சங்கிலியும் வருங்காலமும்: உத்திரமேரூர் வட்டார நீர்நிலைக் காப்பு பற்றிய ஓர் ஆய்வு

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் அந்த 30 ஹெக்டேர் இரை போதாது. சுற்றிலுமுள்ள ஏரிகளும் நெல்வயல்களுமே அவற்றின் உணவுக்களம். ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்ற 1998ஆம் ஆண்டு அறிவிப்பின் நியாயம் இதில்தான் இருக்கிறது. 2020இல் காப்பு எல்லையை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது, எழ வேண்டியதுதான். ஆனால் அன்றைய விவாதம் பெரும்பாலும் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நின்றுவிட்டது. இந்த வட்டாரத்தில் காக்க வேண்டியது ஒரு புள்ளியை அன்று, ஏரிச் சங்கிலியை.

மேலேரியின் கலங்கலில் வழியும் நீரே கீழேரிக்கு வரத்து. பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் எனப் பெயர்பெற்ற உத்திரமேரூர் ஏரிக்குச் செய்யாற்று நீர் கால்வாய் வழியே வருகிறது. இப்படிப் பிணைந்தவற்றை நிர்வாகம் துண்டாடி வைத்திருக்கிறது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேலென்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின், வேடந்தாங்கல் அங்கும் உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலுமாகப் பிரிந்துவிட்டன.

பில் ஷார்ப் முதலானோர் வளர்த்தெடுத்த ‘மூன்று அடிவானங்கள்’ என்னும் எதிர்காலவியல் முறை இங்கே பயன்படும். தேய்ந்துவரும் நடைமுறை முதலாவது. நாம் விரும்பும் வருங்காலம் மூன்றாவது. இரண்டுக்கும் இடையே முளைக்கும் புது முயற்சிகள் இரண்டாவது. அம்முயற்சிகளில் சில பழையதற்கே முட்டுக்கொடுக்கும், சில புதியதற்கு வழிவிடும். எது எதுவென்று பிரித்தறிவதே இம்முறையின் பயன்.

இரண்டாவதற்கு எடுத்துக்காட்டாக, ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 2017இல் அதற்குப் புத்துயிர் தந்தது. வரத்துக்காலைத் தூர்வாரி, மதகைச் செப்பனிட்டால் சங்கிலி உயிர்பெறும். மண்ணுக்காக மட்டும் தோண்டினால் கதை வேறு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போன பள்ளத்தில் நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. ஓரம் செங்குத்தாகிவிட்டால், ஆழமில்லாத நீரில் நடந்து இரைதேடும் நாரைக்கும் அங்கே இடமில்லை. இரண்டு வேலைக்கும் ஒரே பெயர், ஒரே நிதித் தலைப்பு.

இதைவிட ஆழமான மாற்றம் ஆயக்கட்டில் நடக்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பயிரிடும் விவசாயிக்கு ஏரி நிறைய வேண்டும், நிறைந்த நீர் நிற்கவும் வேண்டும். அதே நிலம் வீட்டுமனையானால் அங்கே குடியேறுபவருக்கு நிறைந்த ஏரி அச்சம் தரும். 2015 வெள்ளத்தைக் கண்டவர் கலங்கலைத் தாழ்த்தச் சொல்வதில் வியப்பில்லை. ஆக, ஏரி அப்படியே இருக்க, அதைக் காக்கக் குரல் கொடுப்பவர்கள் மட்டும் மறைந்துபோகிறார்கள். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டபின், வயல் மனையாகும் இந்த மாற்றம் காஞ்சிபுரம் மாவட்டமே எதிர்கொள்ள வேண்டிய கேள்வி.

ஓர் அமைப்பின் அளவுகளை மாற்றுவதைவிட விதிகளை மாற்றுவதே வலிமையானது என்று அமைப்பியல் சிந்தனையாளர் டொனெல்லா மெடோஸ் 1999இல் வாதிட்டார். உத்திரமேரூர்க் கல்வெட்டு அதற்குச் சான்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இல் பொறித்த குடவோலைத் தேர்தல் விதிகள் 921இலேயே திருத்தி விரிவாக்கப்பட்டன. ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்தில் இடம்பெற முடியாது. பிராமணர் சபை, நிலவுடைமைத் தகுதி என்னும் அதன் வரம்புகளை நாம் ஏற்க இயலாது. பின்னால் வரப்போகும் பொறுப்பாளரை இன்றே கட்டுப்படுத்தும் விதி, அனுபவத்தில் குறை கண்டதும் அதைத் திருத்தும் துணிவு ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

எனவே காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய இரு மாவட்டங்களுக்கும் பொதுவாக, நீர்வரத்தின் அடிப்படையில் ஓர் ஏரி வாரியம் அமைய வேண்டும். ஆயக்கட்டுதாரர், பாசன நீரைப் பங்கிடும் நீர்க்கட்டி, மீனவர், நிலமற்ற கூலித் தொழிலாளர், பெண்கள் ஆகியோர் அதில் வாக்குரிமையோடு அமர வேண்டும். மண் எடுக்கவோ, நஞ்சையை மனையாக்கவோ அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும், கீழேரி வரை அதன் பின்விளைவு என்ன என்று அந்த வாரியம் விசாரித்த பிறகே அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.