மின்னணுச் சுருதிப் பெட்டி

பாடுவோருக்கும் வாத்தியம் வாசிப்போருக்கும் ஆதார ஷட்ஜத்தையும், அதனோடு பஞ்சமத்தையோ மத்தியமத்தையோ சேர்த்து, இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கும் மின்கருவி. தமிழ்நாட்டுச் சங்கீத உலகம் அதிகத் தயக்கமின்றித் தன்னுடையதாக்கிக்கொண்ட மின்னணு வாத்தியங்களுள் இதற்கே முதலிடம் தரவேண்டும்.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முழங்கும் நாகஸ்வரத்திற்குச் சுருதி கொடுத்துவந்தது ஒத்து என்னும் குழல். விரல் துளைகள் இல்லாததாய், அடிப்பக்கத்துத் துளைகளில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதி சேர்க்கப்படுவதாய் உள்ள அதனை ஊதுபவர், கன்னங்களிலே காற்றை நிறுத்தி மூக்கினால் மூச்சிழுத்து, ஒரே ஸ்வரத்தை அறுபடாமல் நீட்டுவார். வாய்ப்பாட்டுக்குத் தம்பூரா, அதற்குப் பின் துருத்தியால் இயங்கும் சுருதிப் பெட்டியும் ஆர்மோனியமும் வந்தன. ஒரு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று வித்வான்கள் இன்றும் சொல்லும் சுருதிக் கணக்கு, ஆர்மோனியத்தின் ஏழு வெண்கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரையிலும், இடையிலுள்ள கருங்கட்டைகளை அரைகளாகவும் எண்ணியதனால் விளைந்தது.

ஆயினும் அந்த ஆர்மோனியத்தில் ஒரு குறை உண்டு. ஸ்தாயியை ஆயிரத்து இருநூறு சென்ட் என்னும் நுண்பகுதிகளாகப் பிரித்தால், நம் செவி இயல்பாக நாடும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386-இல் நிற்க, பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாகப் பங்கிட்ட மேனாட்டுக் கட்டையோ அதனை 400-இல் வைத்துவிடுகிறது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971-இல்தான் விலக்கைத் தளர்த்தியதற்கு, கமகத்திற்கு இடங்கொடாத அதன் நிலைத்த ஸ்வரங்கள் ஒரு பிரதான காரணம். இத்தகைய கணக்குகளில் சிதம்பரத்திற்கும் பங்குண்டு: 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமி விபுலாநந்தர், ஸ்வரங்களின் விகிதங்களைப் பண்டைப் பண்களோடு பொருத்தி ஆராய்ந்த தமது யாழ்நூலை 1947-இல் வெளியிட்டார்.

1970-களின் இறுதியில், பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமாகிய ஜி. ராஜ் நாராயண் பெங்களூரில் ராடெல் நிறுவனத்தின் வழியே மின்னணுச் சுருதிப் பெட்டியைப் பரப்பினார். ஆசிலேட்டர் என்னும் மின்சுற்று நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கில் மின்னலையை எழுப்ப, ஒலிபெருக்கி அதனை நாதமாக்குகிறது. ஷட்ஜத்திற்குப் பஞ்சமம் இரண்டுக்கு மூன்று என்ற தூய விகிதத்திலேயே அமைக்கப்படக்கூடுமாதலின், ஆர்மோனியத்தின் குறை இங்கே நீங்குகிறது. பின்வந்த டிஜிட்டல் பெட்டிகள் சாம்பிளிங் முறையைக் கைக்கொண்டன. அசல் தம்பூராவை மீட்டி, அதன் ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை (குறுந்தகடுகளில் 44,100 முறை) அளந்து எண்களாக்கிச் சேமித்துவைப்பது அம்முறை. தந்தியின் அடியிற் செருகிய ஜீவா நூலினால் பிறக்கும் ரீங்காரமும் ஓரளவு அதிற் கிட்டிற்று.

மின்னணு வாத்தியங்களைத் தம்முள் இணைப்பதற்கென 1983-இல் உலகெங்கும் ஏற்கப்பட்ட மிடி ஒழுங்கு வேறொரு வழிப்பட்டது. அது ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன், எப்போது அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டுமே 0 முதல் 127 வரையுள்ள எண்களால் அனுப்புகிறது. கட்டைகளுக்கு இடைப்பட்ட நெளிவைப் பிட்ச் பெண்ட் என்னும் தனிச் செய்தி தாங்கவேண்டும். தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாடிய ஒருவருக்கு அச்செய்தியை எழுப்பும் சக்கரத்தைத் திருப்பும் உழைப்பு எத்தகையது என்பது விளங்கும்.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலே பதிகம் ஓதுவதற்கும் மேடைக் கச்சேரிக்கும் இன்று கைபேசிச் செயலியே சுருதி தந்துவிடும். அப்பியாசம் செய்யும் ஏழை மாணவனுக்கு இது பெரும் உபகாரம். நாகஸ்வரக் கோஷ்டியின் நிலை வேறு. ஒத்து ஊதுவது பெரும்பாலும் இளம் சீடனின் பணி. இரவு முழுதும் குருவின் ஆலாபனைக்கு அருகிலேயே நின்று, ஷட்ஜத்தைத் தன் மூச்சாலே தாங்கிக்கொண்டு அவன் கேட்ட கேள்விஞானம், அவ்விடத்தில் பெட்டியை வைத்தபின் எவருக்கும் கிடைக்கவில்லை.