அலறலுக்குச் சுருதி சேர்த்தவர்கள்

பால் நார்டாஃப் அமெரிக்க இசையமைப்பாளர், பியானோ கலைஞர். நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரியில் பேராசிரியர். 1958இல் ஐரோப்பாவுக்குப் போனவர், சிறப்புக் குழந்தைகளுக்கான இல்லங்களில் இசை செய்யும் வேலையைக் கண்டார். ஐம்பதை நெருங்கும் வயதில் கல்லூரி வேலையை உதறிவிட்டு, இங்கிலாந்தின் கிளென்ட் கிராமத்தில் இருந்த சன்ஃபீல்ட் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஆசிரியராக இருந்தவர் கிளைவ் ராபின்ஸ். நார்டாஃபைவிட 18 வயது இளையவர். பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவர். 1959இல் இருவரும் சேர்ந்து வேலை தொடங்கினார்கள். ஒருவர் பியானோவில், மற்றவர் பிள்ளையின் பக்கத்தில். பிள்ளைக்கு ஒரு மேளம், ஒரு ஜால்ரா. பாடம் நடத்துவதில்லை, மெட்டு கற்றுக்கொடுப்பதில்லை. பிள்ளை மேளத்தை எப்படித் தட்டுகிறதோ அந்த வேகத்தில் பியானோ போகும். அது நிறுத்தினால் இதுவும் நிற்கும்.

இந்த முறைக்குப் பெரிய சோதனை அமெரிக்காவில் வந்தது. அறுபதுகளில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பகல்நேரப் பிரிவில் ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளோடு இருவரும் வேலை செய்தார்கள். தாயின் பாசக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மருத்துவர்களே பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஐந்தரை வயதுப் பையன் ஒருவன் அறைக்குள் வந்ததும் அலறத் தொடங்கினான். நாமாக இருந்தால் முதலில் அழுகையை நிறுத்தப் பார்ப்போம். நார்டாஃப் அந்த அலறல் இருந்த சுரத்தைப் பிடித்து, அதற்குப் பொருந்தும் இசையை அங்கேயே கட்டி வாசித்தார். அலறல் ஏறினால் பியானோவும் ஏறியது. பையனின் குரல் மெல்ல மெல்ல பியானோவின் சுருதியில் வந்து நின்றது. அடுத்தடுத்த அமர்வுகளில் அவன் குரலால் பதில் சொல்ல ஆரம்பித்தான்.

அந்த அறையில் இருந்திருந்தால் நம் காதுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டிருக்கும். அமர்வுகளை ஒலிநாடாவில் பதிந்து, நிமிடம் நிமிடமாகத் திரும்பக் கேட்டுக் குறிப்பெடுத்ததால்தான் அலறலுக்குள் இருந்த சுரம் மற்றவர்களுக்கும் பிடிபட்டது. பெயரெல்லாம் பியானோவுக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால் இந்த முறையைப் பெற்றெடுத்ததில் டேப் ரிக்கார்டருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஓர் ‘இசைக் குழந்தை’ இருக்கிறது என்று இருவரும் பின்னாளில் எழுதினார்கள். எனக்கு அந்தக் கவித்துவத்தைவிட இந்தக் குறிப்பேட்டு உழைப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

1974இல் லண்டனில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நார்டாஃப் 1977இல் காலமானார். ராபின்ஸ் 2011 வரை இருந்தார். இன்று நார்டாஃப்-ராபின்ஸ் முறை பல நாடுகளில் கற்றுத்தரப்படுகிறது.

2017இல் ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. பிள்ளையோடு சேர்ந்து அந்தந்த நேரத்தில் இசை கட்டும் இத்தகைய சிகிச்சையைத்தான் அதுவும் சோதித்தது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு, வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட, சிகிச்சையும் பெற்றவர்களிடம் ஆட்டிசத்தின் சமூகத் தொடர்பு அறிகுறிகள் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் இசை என்று கட்டணம் கேட்பவர்களிடம் பெற்றோர் இந்த ஆய்வைப் பற்றிக் கேட்கலாம்.