'கௌரவமானவர்' யார்? தொழுமரம் முதல் வெண்மணி வரை



குற்றவியல் நீதியில் சாமானியர் பங்கெடுப்பது நல்லது என்று சட்டக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். எந்தச் சாமானியர் என்ற கேள்வியோடுதான் நாம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவருக்குச் சில்லறைக் குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அவர் சட்டம் படித்தவர் அல்லர், ஊர்க்காரர். அடிதடி, வசவு என்று வந்தால் குற்றவாளியை 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். அவன் 'தாழ்ந்த சாதி'யைச் சேர்ந்தவனாக இருந்தால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். கால்களை மரக்கட்டையின் துளைகளில் நுழைத்துப் பூட்டி, ஊர் பார்க்க உட்கார வைப்பதுதான் தொழுமரம். இத்தகைய இழிவான தண்டனையை யாருக்குத் தருவது பொருத்தமில்லாமல் போகாதோ அவர்களுக்குத் தரலாம் என்ற கருத்தில் அந்தச் சட்டம் பேசியது. குற்றம் ஒன்று, தண்டனையைப் பிரித்தது பிறப்பு. மனு என்ற பெயர் எங்கும் இல்லை; எழுதியவர்கள் கும்பினியார். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அந்த வாசகம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

அடுத்தது ஜூரி. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஜூரர்களாக உட்காரத் தகுதியானவர்கள் யார் என்று செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும் தங்கள் மதிப்பீட்டில் தீர்மானித்துப் பட்டியல் போடுவார்கள். பெயர், ஊர், அந்தஸ்து அல்லது தொழில் எல்லாம் அதில் இருக்கும். பண்ணையாள் அந்தப் பட்டியலில் ஏற வழி ஏது? ஆனால் ஜூரியில் யார் உட்காருகிறார்கள் என்பது முக்கியம் என்று ஆட்சியாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இல்பர்ட் மசோதாவை எதிர்த்து வெள்ளையர்கள் கொந்தளித்தபோது, ஐரோப்பியக் குற்றவாளி கேட்டால் ஜூரியில் பாதிப் பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று 1884இல் சட்டமே செய்தார்கள். தோட்டக்கார துரைக்குத் தன் இனத்தார் கிடைத்தார்கள். சேரிக்காரர் குற்றவாளிக் கூண்டிலும் சாட்சிக் கூண்டிலும் மட்டும் நின்றார்.

நானாவதி வழக்கில் 1959இல் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று 'குற்றவாளி அல்ல' சொன்னதால்தான் இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று இன்றும் பேசுகிறார்கள். சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் 1958லேயே அதை ஒழிக்கச் சொல்லிவிட்டது. 1973ஆம் ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

அதே 1973இல்தான் வெண்மணி மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட குற்றத்துக்காக, ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. 44 உயிருக்கு 10 ஆண்டு. உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்து அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் மிராசுதார்கள், நிலபுலன் உள்ள பணக்காரர்கள். முதல் எதிரிக்குக் கார்கூட இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. இப்படிப் போனது நீதிமன்றத்தின் தர்க்கம். மைதிலி சிவராமன் அதே ஆண்டு எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்குக் 'கீழ்வெண்மணியின் கனவான் கொலையாளிகள்' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். எழுதியவர்கள் படித்த நீதிபதிகள். ஜூரி இல்லாமலே ஊர்ப் பெரிய மனிதர்களின் பார்வை தீர்ப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பார்வைக்குச் சட்டத்தில் ஒரு சொல் உண்டு. ஓரிடத்தைச் சோதனை போடும்போது அந்த வட்டாரத்தின் 'சுதந்திரமான, கௌரவமான' குடியிருப்பாளர் இரண்டு பேரையாவது சாட்சியாக அழைக்க வேண்டும். 1898 சட்டத்தில் பிரிவு 103, 1973 சட்டத்தில் பிரிவு 100, 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் மறுபடியும் 103. எண் சுற்றி வந்த இடத்துக்கே வந்துவிட்டது, 'கௌரவமான' மாறவில்லை. மகஜரில் கையெழுத்துப் போட ஊர்த் தெருவுக்கு ஆள் அனுப்பும் போலீஸ்காரர், சேரி எரிந்த வழக்கிலும் அங்கேதான் அனுப்புகிறார். நாளை அந்தச் சாட்சி பிறழ்ந்தால் வழக்கும் பிறழும்.

இந்த நிலையில் நமக்குக் கிடைத்திருக்கும் வழி ஒன்று உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பிரிவு 15ஏ. ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை என எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரையோ அவரைச் சார்ந்தவரையோ கேட்க வேண்டும். வாய்தாவுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். தண்டனை பற்றி அவர்கள் எழுத்து மூலமாகவும் வாதிடலாம். இது கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தண்டனை தீர்ப்பு நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதை மேலவளவு நமக்குக் காட்டியது. 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கின் ஆயுள் தண்டனை உச்ச நீதிமன்றம் வரை நிலைத்தது. 2019 நவம்பரில் 13 பேரை அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. எனவே மாணவத் தோழர்கள் தீர்ப்புகளைப் படிப்பதோடு நிற்காமல், உங்கள் மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு மாத வாய்தாக்களுக்குப் போய் உட்காருங்கள். ஒவ்வொரு ஜாமீன் மனுவிலும் குடும்பத்துக்கு நோட்டீஸ் போனதா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.