எந்தத் தேதியில் விண்ணப்பிப்பது?

1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அயர்லாந்தை ஒரு பெரும் புயல் புரட்டிப்போட்டது. கூரைகள் பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதைப் ‘பெருங்காற்று இரவு’ என்றே மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து அந்தப் புயல் யாரும் எதிர்பாராத விதத்தில் கைகொடுத்தது. 1909 ஜனவரி 1 முதல் பிரிட்டன் தன் முதியவர்களுக்கு ஓய்வூதியம் தரத் தொடங்கியது. அப்போது அயர்லாந்தும் அந்த அரசின் கீழ்தான் இருந்தது. வாரம் 5 ஷில்லிங், வயது 70 ஆகியிருக்க வேண்டும். ஆனால் அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியது 1864இல்தான். வயதுக்குச் சான்று என்னவென்று அதிகாரிகள் கேட்டபோது, பெருங்காற்று அடித்த இரவு தங்களுக்கு நினைவிருப்பதாகப் பலர் சொன்னார்கள். அந்த இரவு நினைவிருந்தால் வயது எழுபதைத் தாண்டியிருக்கத்தானே வேண்டும்!

அந்த முதியவர்களுக்கு ஒரு தேதி துணை நின்றது. அதே சட்டத்தில் இருந்த இன்னொரு தேதி பலரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அதுவரை பிரிட்டனில் ஏழை முதியவருக்கு இருந்த ஒரே அரசு ஆதரவு ‘ஏழைகள் சட்டம்’. உள்ளூர் நிர்வாகம் தரும் சிறு உதவி, அல்லது ஏழைகள் விடுதி. இரண்டிலும் அவமானம் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய ஓய்வூதியம் அப்படியல்ல. அஞ்சலகத்தில் போய் உரிமையோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 1908 ஜனவரி 1க்குப் பிறகு ஏழைகள் சட்டத்தின் கீழ் உதவி பெற்றவருக்கு ஓய்வூதியம் கிடையாது என்று விதித்தார்கள். மருத்துவ உதவி போன்ற சிலவற்றுக்கு விலக்கு. சட்டம் நிறைவேறியது 1908 ஆகஸ்ட் 1ஆம் தேதி. அதாவது அந்த ஆண்டு பிப்ரவரிக் குளிரில் ரொட்டிக்கு வழியில்லாமல் உதவி கேட்ட மூதாட்டி, அப்போது இல்லாத ஒரு சட்டத்தின்படி தகுதி இழந்துவிட்டிருந்தார். பசியைப் பொறுத்துக்கொண்டு கேட்காமலிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு 5 ஷில்லிங் கிடைத்தது. இந்தத் தடை 1910 டிசம்பர் 31 வரை நீடித்தது. 1911 ஜனவரியில் அது விலகியதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் ஏழைகள் சட்டத்தை விட்டு ஓய்வூதியத்துக்கு மாறினார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோனவர்களுக்கு எதுவும் இல்லை.

ஓர் ஏற்பாட்டிலிருந்து இன்னோர் ஏற்பாட்டுக்கு மாறும் ஏழையின் கதி தேதியில் தொங்குவது அதற்கும் இரண்டரை நூற்றாண்டு பழையது. 1662ஆம் ஆண்டுக் குடியமர்வுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைவான வாடகையில் ஓர் ஊரில் குடியேறுபவரை 40 நாட்களுக்குள் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். நாற்பது நாள் தாண்டிவிட்டால் அவரைக் காப்பது புதிய ஊரின் பொறுப்பு. சிலர் சத்தமில்லாமல் வந்து ஒளிந்து வாழ்ந்து நாளை ஓட்டினார்கள். அதைத் தடுக்க, எழுத்துமூலம் அறிவித்த நாளிலிருந்துதான் 40 நாள் கணக்கு என்று 1685இல் விதியை இறுக்கினார்கள். பிறகு, மணமாகாதவர் ஓர் ஊரில் முழுதாக ஓராண்டு வேலை பார்த்தால் அந்த ஊர் உரிமை கிடைக்கும் என்று ஒரு வழி திறந்தது. பண்ணையார்களும் கணக்குப் போட்டார்கள். ஓராண்டுக்குச் சில நாட்கள் குறையும்படி, சில இடங்களில் 51 வாரங்களுக்கு, ஆள் எடுத்தார்கள். ஒரு வாரக் குறைவில் வேலையாளின் முதுமைக் காப்பு பறிபோனது. இந்த வேலைவழி உரிமையையே 1834ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது.

இந்த வரலாற்றில் 1948 ஜூலை 5ஆம் தேதிக்குத் தனி மதிப்பு உண்டு. பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ் 1942இல் தந்த அறிக்கையின் அடிப்படையில் தேசிய காப்பீடும், அனைவருக்குமான மருத்துவச் சேவையும், தேசிய உதவித் திட்டமும் அந்த ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. பழைய ஏழைகள் சட்டம் அன்றோடு ஒழிந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நாள் என்ற அந்த முடிவு நேர்மையானது. ஆனாலும் அந்த நாளிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஏற்கெனவே காப்பீட்டில் சேராமல், அன்றைக்கே ஓய்வு வயதைக் கடந்திருந்தவர்களைப் புதிய திட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படி விடுபட்டு உயிரோடிருந்தவர்களுக்குத் தனி ஓய்வூதியம் கொடுக்க 1970 வரை ஆனது. இருபத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

நம் காலத்தின் பெரிய மாற்றம் 2013 ஏப்ரல் 29 அன்று மான்செஸ்டரை அடுத்த ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரில் தொடங்கியது. அப்போதைய அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் முன்னெடுத்த ‘யுனிவர்சல் கிரெடிட்’, ஆறு பழைய உதவிகளை ஒன்றாக்கியது. வேலையில்லாதோர் படி, நோயாளிகளுக்கான படி, வருமான உதவி, வாடகை உதவி, குறைந்த வருமானத்தில் வேலை பார்ப்போருக்கும் குழந்தைகள் உள்ளோருக்குமான இரண்டு வகை டாக்ஸ் கிரெடிட் ஆகியவை அந்த ஆறு. தனித்தனி அலுவலகங்களுக்கு அலைய வேண்டாம், வேலைக்குப் போனால் உதவி சட்டென்று அறுந்துபோகாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். 2017க்குள் எல்லோரையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தார்கள். அது 2020களின் நடுவரை இழுத்தது. அந்த நீண்ட இடைக்காலத்தில் இரண்டு ஏற்பாடுகளும் அருகருகே ஓடின. ஒருவர் எதில் இருப்பார் என்பதை அவர் வசிக்கும் ஊரும் விண்ணப்பிக்கும் தேதியும் தீர்மானித்தன.

முதல் சிக்கல் காத்திருப்பு. யுனிவர்சல் கிரெடிட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து ஒரு மாதம் கணக்குக் காலம். அது முடிந்து ஏழு நாளில் பணம். 2015 முதல் இதற்கு முன்னால் இன்னும் ஏழு ‘வெற்று நாட்கள்’ சேர்ந்தன. ஆக முதல் தொகைக்கு ஆறு வாரம். வாரக்கூலியில் வாழ்பவரிடம் ஆறு வாரச் சேமிப்பு எப்படி இருக்கும்? எதிர்ப்பு வலுத்த பிறகு 2018 பிப்ரவரியில் வெற்று நாட்களை நீக்கினார்கள், காத்திருப்பு ஐந்து வாரமானது. அதே ஆண்டு ஏப்ரலில் பழைய வாடகை உதவியை இரண்டு வாரம் கூடுதலாகத் தரத் தொடங்கினார்கள். 2020 ஜூலையில் வேறு மூன்று பழைய உதவிகளுக்கும் அந்த இரண்டு வாரம் கிடைத்தது. முன்பணமும் உண்டு. ஆனால் அது கடன், பின்வரும் மாதங்களில் பிடித்துக்கொள்வார்கள்.

கணக்குக் காலம் நடக்கும் விதத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 10ஆம் தேதி விண்ணப்பித்தவருக்கு மாதம்தோறும் 10 முதல் அடுத்த 9 வரை கணக்கு. அந்த இடைவெளிக்குள் கைக்கு வரும் சம்பளம் எல்லாம் சேரும், அது எந்த மாத உழைப்புக்கானது என்பது பொருட்டல்ல. வேலை போனவர் அன்றே ஓடிப்போய் விண்ணப்பித்தால், நான்கு நாள் கழித்து வரும் கடைசிச் சம்பளமும் விடுப்புக்கான பணமும் முதல் கணக்கில் விழுந்து உதவியைக் கரைத்துவிடும். அந்தப் பணம் வந்த பிறகு விண்ணப்பிக்கச் சொல்வது நல ஆலோசகர்களின் வழக்கம். அதற்காக அதிகம் காத்திருக்கவும் முடியாது. தாமதித்த நாட்களுக்குப் பணம் கிடைக்காது. சில காரணங்களுக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் ஒரு மாதம் முன்தேதியிடலாம். வேலை இழந்த அதிர்ச்சியில் இருப்பவர் இந்தக் கணக்கையும் போட வேண்டியிருக்கிறது.

இந்தத் தேதிக் கணக்கை எதிர்த்துக் குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் நான்கு தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். மாதச் சம்பள நாள் விடுமுறையில் வந்தால் முதலாளி முன்னதாகவே பணத்தைப் போட்டுவிடுவார். அப்போது ஒரே கணக்குக் காலத்தில் இரண்டு சம்பளம் விழும், அடுத்ததில் எதுவும் விழாது. உதவி ஒரு மாதம் பாதாளத்துக்கும் மறுமாதம் உச்சிக்கும் போகும், ஆண்டு முடிவில் நிகர இழப்பும் மிஞ்சும். இந்த விளைவைச் சரிசெய்ய மறுத்தது அறிவுக்கு ஒவ்வாதது என்று 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவம்பரில் விதி மாறியது.

அதற்கும் முன்பே, 2018 ஜூனில், கடுமையான உடல்நலக் குறைபாடுள்ள இருவரின் வழக்கு வந்தது. அவர்கள் செய்ததெல்லாம் வேறு உள்ளாட்சிப் பகுதிக்கு வீடு மாறியதுதான். புதிய ஊரில் பழைய உதவி இல்லை, யுனிவர்சல் கிரெடிட்தான் உண்டு. அதில் அவர்கள் முன்பு பெற்ற ஊனமுற்றோர் கூடுதல் தொகைகள் கிடையாது. ஆளுக்கு மாதம் 178 பவுண்டு அளவில் குறைந்தது. உயர் நீதிமன்றம் இதைப் பாரபட்சம் என்றது. அதன் பிறகு 2019 ஜனவரி முதல் இரண்டு ஆண்டுகள், கடும் ஊனமுற்றோர் கூடுதல் தொகை பெறுபவர்கள் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்க முடியாதபடி வழியை அடைத்தார்கள். பலரை இழப்பிலிருந்து காத்தது அந்தத் தடைதான்.

முதியவர்களையும் தேதி விடவில்லை. தம்பதியில் ஒருவர் ஓய்வு வயதை எட்டி மற்றவர் எட்டாதிருந்தால், 2019 மே 15 முதல், குறைந்த வருமான முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டுக்குப் பதில் யுனிவர்சல் கிரெடிட் என்று விதி வந்தது. வித்தியாசம் ஆண்டுக்கு 7,000 பவுண்டு வரை போகலாம். மூன்று மாத முன்தேதி வசதி இருந்ததால், முன்பே தகுதி பெற்றிருந்தவர்கள் ஆகஸ்ட் 13 வரை பழைய திட்டத்தைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. செய்தி எட்டாதவர்களுக்கு அந்த ஜன்னலும் மூடியது.

பின்வாங்க முடியாத கதவு எப்படிப்பட்டது என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிக்குள் 18 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பித்தவர்களில் டாக்ஸ் கிரெடிட் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்ததும் டாக்ஸ் கிரெடிட் நின்றுவிட்டது. பிறகு, சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் என்று விண்ணப்பம் தள்ளுபடியானாலும் பழையதற்குத் திரும்ப வழியிருக்கவில்லை. டாக்ஸ் கிரெடிட்டுக்குச் சேமிப்பு வரம்பே இருந்ததில்லை. ஆகவே எச்சரிக்கையாகக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தவர்களே இரண்டையும் இழந்து நின்றார்கள்.

கடைசிக் கட்டத்தில் அரசே கடிதம் அனுப்பி மக்களை மாற்றத் தொடங்கியது. 2019 ஜூலையில் ஹாரோகேட் நகரில் சோதனை, பிறகு பெருந்தொற்று இடைவெளி, 2022 மே மாதம் போல்டனிலும் மெட்வேயிலும் மறுதொடக்கம். கடிதம் வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால் பழைய தொகைக்கும் புதியதற்கும் உள்ள குறைவை ஈடுகட்ட ஒரு பாதுகாப்புத் தொகை கிடைத்தது. கெடு தாண்டி மேலும் ஒரு மாதத்துக்குள் வந்தாலும் அது நிலைத்தது. கடிதத்துக்கு முன்பே தாமாக மாறியவருக்கு அது கிடைக்கவில்லை. காத்திருந்து கடிதத்தோடு போனவருக்கும், கணவரைப் பிரிந்ததால் ஒரு மாதம் முன்பு போக நேர்ந்தவருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வருமான வேறுபாடு உண்டானது. இரண்டு பேரின் தேவையும் ஒன்றுதான்.

தேசியத் தணிக்கை அலுவலகம் 2024இல் பார்த்தபோது, கடிதம் பெற்ற டாக்ஸ் கிரெடிட் குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று விண்ணப்பிக்கவே இல்லை. கெடு முடிந்ததும் பழைய பணம் நின்றது. 2025 ஏப்ரல் 5 அன்று டாக்ஸ் கிரெடிட் முறையே முடிவுக்கு வந்தது. நோயாளிகளுக்கான படி பெறுபவர்களின் முறை வந்தபோது அரசு வழியை மாற்றிக்கொண்டது. பதில் வராத வீடுகளில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் இருந்தால், உதவியை நிறுத்துமுன் தொலைபேசியில் அழைக்கவும், தேவைப்பட்டால் வீட்டுக்கே ஆள் அனுப்பவும் ஏற்பாடு செய்தார்கள். முந்தைய குடும்பங்களுக்கு அந்த அழைப்பு வந்திருக்கவில்லை.