சைரன் சொல்லாத சேதி

காரைக்கால்ல இருந்து பேசறேன். எங்க வாஞ்சூர் புதுச்சேரி ஆட்சியில இருக்கு; ஒட்டியிருக்கற நாகூர் தமிழ்நாடு. விஷவாயு கசிஞ்சா அதுக்கு இந்த எல்லை தெரியாது. அப்போ மக்கள்கிட்ட யார், என்ன சொல்லணும்? ரெண்டு ஊர் கதையைப் பார்ப்போம்.

முதல்ல போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. ஊருக்கான சைரனைச் சில நிமிஷத்துல நிறுத்திட்டாங்க. மக்கள் தெரிஞ்ச பக்கம் ஓடினாங்க. ஓடினா மூச்சு வாங்கும், விஷமும் கூடுதலா உள்ளே போகும். ‘ஈரத்துணியால முகத்தை மூடுங்க, கண்ணைத் தண்ணியில கழுவுங்க’ன்னு சொல்லியிருந்தாலே பல உயிர் பிழைச்சிருக்கும். மருத்துவர்களுக்கே என்ன வாயுன்னு சொல்லப்படலை.

மூணு வருஷம் கழிச்சு, 1987ல, பிரேசிலின் கோயானியா நகரத்துல கைவிடப்பட்ட கதிர்வீச்சுக் கருவியிலிருந்து சீசியம்-137 பரவியது. பரிசோதனைக்கு விளையாட்டு அரங்கத்துக்கு வரச் சொன்னாங்க. 1,12,000 பேரைச் சோதிச்சாங்க. 249 பேர்கிட்டதான் கதிரியக்க மாசு இருந்தது. மத்தவங்களையும் வெளியூர்க்காரங்க ஒதுக்கினதால, மாசு இல்லைன்னு சான்றிதழ் கொடுக்க வேண்டியதாச்சு.

நச்சு நீக்கத்துல முதல் வேலை மேலாடையைக் கழற்றுறது. பெரும்பகுதி நச்சு அதோட போயிடும். ஆனா நடுத்தெருவுல, காரணம் சொல்லாம, மறைப்பும் மாத்துத்துணியும் இல்லாம ‘கழற்று’ன்னா நம்ம அம்மா கேப்பாங்களா? அதனால ஏன்னு முதல்ல சொல்லணும். வாஞ்சூர் மைக்கும் நாகூர் மைக்கும் அதை ஒரே மாதிரி சொல்லணும்.